கண்ணாடித் துண்டு ஒன்று

ஞாயிறு காலை பத்து மணி நாலு நிமிடத்துக்குப்
புகைபோக்கி முட்டி மடங்கி உட்கார்ந்தது.
நூற்றிருபது மீட்டர் செங்கல்.
நகராட்சி போட்ட மேடையில் கைதட்டினார்கள்.
பாலத்தின் மேல், அப்பாக்களின் தோளிலிருந்த பிள்ளைகள்
இன்னொரு தடவை என்று அழுதன.
தூசி மட்டும் யார் பேச்சையும் கேட்காமல்
யாகொடோவா தெருவுக்குள் நடந்து போனது.

மறுநாள் நான் போனேன்.
கையில் படிவம், அளவுகோல்,
அரை மில்லிமீட்டரையும் பிடித்துவிடும் ஒரு லென்ஸ்.
எனக்குச் சம்பளம் தருவது நகராட்சி.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு சொன்னால் மறைத்தது போலாகும்.

பதினேழாம் எண். எல்ஃப்ரீடா கோவோல்.
காலணியைக் கழற்றச் சொல்லி, வீட்டுச் செருப்பு தந்தார்.
படுக்கையறையில்,
ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும்
செங்கல் விட்டுச் செங்கல்
படியிறங்கியிருந்தது ஒரு விரிசல்.

விரிசல் இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை.
சைலீசியா. அடியிலிருந்து கரி எடுத்துத் தின்ற பூமி.
எழுநூறு மீட்டர் கீழே வெற்றிடம் புரண்டு படுத்தால்
மேலே சூப்புக் கிண்ணம் நகரும்.
தோண்டியது அரசு. மூடியதும் அரசு.
மிச்சமிருந்த புகைபோக்கியை நேற்று வெடிவைத்து இறக்கியதும்
அதே வீட்டுத் தம்பிதான்.

சேதம் முன்பே இருந்ததா? என்கிறது படிவம்.
கட்டம் இரண்டு. ஆம். இல்லை.

அவர் பேசவில்லை. விரலால் காட்டினார்.
விரிசலுக்குக் குறுக்கே, காயத்துக்குத் தையல் போட்டதுபோல,
தீப்பெட்டி நீளத்தில் கண்ணாடித் துண்டுகள்,
இரு நுனியிலும் சாந்து வைத்து ஒட்டியவை.
ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் தேதி.
சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி தாங்காது.
சுரங்கத்தின் விளக்கறையில்
இருபத்தாறு வருடம் கணக்கு வைத்த கை அது.
முதல் மூன்றும் உடைந்தவை; உடைந்த தேதியும் உண்டு.
நாலாவது, 2009 மார்ச்சில் ஒட்டியது.
அப்புறம் பூமி அசந்து தூங்கிவிட்டது.
பதினான்கு வருடம் முழுசாக இருந்திருக்கிறது.
நேற்றுவரை.

"கையாலும் உடைத்திருக்கலாமே" என்றேன்.
கேட்க வேண்டிய கேள்வி. கேட்டாயிற்று.
இழுப்பறையிலிருந்து புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
"உடையுங்கள். கை உடைத்தால் சில்லு தெறிக்கும்.
சுவர் உடைத்தால் தலைமுடி மாதிரி ஒரே கோடு."
எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.
பயம் என்பதற்கு அலுவலகத்தில் அதுதான் சொல்.

அப்புறம் கடிதங்கள்.
வெடி வைத்தது ஒப்பந்தக்காரர், என்றது நகராட்சி.
அதிர்வு வரம்புக்குள்தான், வரம்பை வகுத்தது நகராட்சி, என்றார் ஒப்பந்தக்காரர்.
சுரங்கப் பகுதி வீடு, விதிவிலக்கு, என்றது காப்பீடு.
எங்கள் நிறுவனமே இப்போது இல்லை, என்று
முத்திரை குத்தி எழுதியது சுரங்க நிறுவனம்.
சவப்பெட்டியை நாலு பேர் தூக்கினால் நகரும்;
நாலு பேரும் ஒரே நேரத்தில் தோளை உருவிக்கொண்டார்கள்.

நான் 'ஆம்' கட்டத்தில் குறியிட்டேன்.
பொய்யில்லை. விரிசல் இருந்தது.
தூங்கிக்கொண்டிருந்தது.
எழுப்பியது யார் என்று கேட்கக் கட்டமில்லை.
படிவத்தின் ஓரம் ஒரு சென்டிமீட்டர்.
அதில் பொடி எழுத்தில் எழுதினேன்:
கண்ணாடி உடைந்தது, சம்பவ நாளில்.

ஏழு மாதம் கழித்து முடிவு வந்தது.
சுவர்: முந்தைய சேதம். பொறுப்பில்லை.
ஓர எழுத்தை யாரோ கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்கள்.
கண்ணாடித் துண்டு, எண்ணிக்கை ஒன்று: பொறுப்பு ஏற்கப்படுகிறது.
ஒன்பது ஸ்வோட்டி, நாற்பது க்ரோஷ்.

கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.
திட்டுவார் என்று வாசலிலேயே நின்றேன்.
அவர் காசை எண்ணினார். ரசீதில் கையெழுத்திட்டார்.
கடிதத்துக்கு நகல் இரண்டு கேட்டார், சான்றொப்பத்துடன்.
"கண்ணாடிக்குப் பொறுப்பேற்றுவிட்டார்கள்.
சரி, அந்தக் கண்ணாடியை இழுத்தது எது?"

பிறகு குனிந்து
வீட்டுச் செருப்பை என் பக்கம் தள்ளிவைத்தார்.
"நீதிமன்றத்தில் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.
உள்ளே வருகிறீர்களா?"

காலணிக் கயிறு
ஏனோ அவிழவே மாட்டேன் என்றது.